பதினாலாம் நம்பர் இடம்

மான்செஸ்டர் பக்கம் ஸ்டாக்போர்ட்டில் ஆற்றங்கரையை ஒட்டி ஒரு பழைய பஞ்சாலை. ஆலையை மூடிய பிறகு, செங்கல் சுவரை மட்டும் விட்டுவைத்து உள்ளே ஃபிளாட்டுகளாகத் தடுத்து விற்றார்கள். பிள்ளைகள் வேலை, கல்யாணம் என்று ஆளுக்கொரு ஊருக்குப் போனதும், கிளிஃப் ஆர்மராடும் அவன் மனைவி மேக்ஸினும் பெரிய வீட்டை விற்றுவிட்டு அங்கே இரண்டாவது மாடிக்குக் குடிவந்தார்கள். ஃபிளாட்டோடு சேர்த்து, கீழே கார் நிறுத்தவும் ஓர் இடம் வாங்கியிருந்தார்கள். தரையில் வெள்ளைப் பெயிண்டில் பதினாலு என்று எழுதியிருக்கும்.

அந்தப் பதினாலின் மேல் நின்றிருந்த மேக்ஸினின் காரில் ஒரு நாள் காலை மஞ்சள் உறை ஒன்று ஒட்டியிருந்தது. உள்ளே அபராதச் சீட்டு. கட்டடத்தைப் பராமரிக்கிறவர்கள் போன வருஷம் ஒரு தனியார் பார்க்கிங் கம்பெனியைக் கொண்டுவந்து, சுவரெல்லாம் பலகை மாட்டியிருந்தார்கள். முன்கண்ணாடியில் பெர்மிட் அட்டை தெரியாத கார் எதுவானாலும் அபராதம். மேக்ஸினின் அட்டை வெயிலில் பசை காய்ந்து இருக்கைக்கு அடியில் விழுந்து கிடந்தது.

"நம்ம இடத்துல நம்ம காரு நிக்கிறதுக்கு அபராதமா? எவன் இவன்?" என்று கத்தினான் கிளிஃப். "நீ விடு மேக்ஸ். நான் பாத்துக்குறேன்."

கம்பெனிக்குப் போன் போட்டான். பதிவு செய்த குரல் ஒன்று, ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்றது. அந்தக் குரலை வாய்க்கு வந்தபடி திட்டினான். பிறகு சீட்டைச் சமையலறை இழுப்பறையில், தீர்ந்துபோன பேட்டரிகளோடும் ரப்பர் பாண்டுகளோடும் போட்டு மூடினான். அவன் பார்த்துக்கொண்டது அவ்வளவுதான்.

மேக்ஸின் புது அட்டை கேட்டு எழுதினாள். அட்டை வரவில்லை. அதற்குள் இன்னும் இரண்டு மஞ்சள் உறைகள் வந்துவிட்டன. மூன்றாவது உறையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் குப்பைத் தொட்டிப் பக்கம் நின்றபோதுதான், தரைத்தளத்தில் தனியாகக் குடியிருந்த எம்ரிஸ் ப்ராஸர் அவளிடம் பேச்சுக் கொடுத்தார்.

எம்ரிஸ் வேல்ஸ்காரர். மனைவி இறந்து சில வருஷம் ஆகியிருந்தது. இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நல்ல உயரம், தலை நிறைய வெள்ளை முடி, தேவாலயப் பாட்டுக் குழுவில் அடித்தொண்டையில் பாடுகிறவருக்கு இருக்கும் குரல். கிளிஃபுக்குத் தலையில் முடி இல்லை. அதை அதுவரை அவன் ஒரு குறையாக நினைத்ததும் இல்லை.

"பணம் கட்டிடாதீங்க," என்றாராம் எம்ரிஸ். "எனக்கும் இதே மாதிரி வந்துச்சு. எழுதிப் போட்டேன், ரத்து பண்ணிட்டான். உங்க குத்தகைப் பத்திரத்த எப்பவாவது பிரிச்சுப் படிச்சிருக்கீங்களா?"

"அத யாருங்க படிப்பாங்க?"

"நான் படிப்பேன். ஞாயித்துக்கெழம கொண்டாங்க, சேந்து படிக்கலாம்."

வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிவிட்டு மேக்ஸின் சிரித்தாள். கிளிஃபும் சிரித்தான். அன்றைக்கு அதில் சிரிக்காமல் இருக்க ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை எம்ரிஸ் மேலே வந்தார். வெறுங்கையோடு வரவில்லை. தன் கையாலேயே சுட்ட திராட்சைக் கேக்கு வில்லைகள் ஒரு தட்டு நிறைய, துணி போட்டு மூடி. வந்தவர் நேராக ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தார். அது கிளிஃபின் நாற்காலி. அவருக்கு அது தெரியாது. தெரிந்த மேக்ஸினும் சொல்லவில்லை.

அந்த ஊரில் ஃபிளாட் வாங்கினாலும் மண் இன்னொருவருடையது. வாங்குகிறவனுக்குக் கிடைப்பது தலைமுறைக் கணக்கில் நீளும் ஒரு குத்தகைப் பத்திரம். அதை மேசையில் விரித்து இருவரும் தலையோடு தலை குனிந்து படித்தார்கள்.

"இதோ, இங்க பாருங்க. பதினாலாம் நம்பர் இடத்த நீங்க மட்டும் பயன்படுத்துற உரிமைன்னு போட்டிருக்கு. பெர்மிட்டுன்னு ஒரு வார்த்த இருக்கா?"

"இல்ல."

"உரிமைய உங்க கையில குடுத்துட்டாங்க. அதுக்கப்புறம் எவனோ வந்து சுவத்துல ஒரு பலகைய மாட்டிட்டு, என் சட்டப்படி நடன்னா?"

"போடான்னு சொல்லணும்!" என்றாள் மேக்ஸின்.

இருவரும் சிரித்த சிரிப்பில் கேக்குத் துணுக்கு பத்திரத்தின் மேல் தெறித்தது. எம்ரிஸ் அதைச் சுண்டுவிரலால் தட்டிவிட்டார். கிளிஃப் எழுந்துபோய் டீ போட்டான். மூன்று கோப்பை. சர்க்கரை எத்தனை என்று அந்த ஆளிடம் கேட்டபோது, தன் வீட்டிலேயே தான் சர்வராகிவிட்ட மாதிரி அவனுக்கு இருந்தது.

அப்புறம் வீட்டில் எதை எடுத்தாலும் எம்ரிஸ்தான். "எம்ரிஸ் சொல்றார், பலகையில எழுத்து இவ்ளோ பொடியா இருந்தா செல்லாதாம்." "எம்ரிஸ் சொல்றார், பதில் எழுதுறப்ப கோவப்படக் கூடாதாம்." இரவுச் சாப்பாட்டுக்கு மீன் வறுவல் வாங்கி வந்தால், அதில் வினிகர் தெளிக்கும்போதும் எம்ரிஸ் ஏதாவது சொல்லியிருந்தார். மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு, பேனாவைக் கடித்தபடி அவள் யோசிக்கிற அழகை கிளிஃப் கல்யாணமான புதிதில் பார்த்திருந்தான். அது அவளிடம் இன்னும் மிச்சம் இருக்கிறது என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது. இப்போது ஞாயிறுதோறும் மத்தியானம் அது வெளியே வந்தது. அவனுக்காக வரவில்லை, அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். பதினாலாம் நம்பர் இடத்தில் அளவுநாடாவின் ஒரு நுனியை எம்ரிஸும் மறு நுனியை அவளும் பிடித்துக்கொண்டு, பலகை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளந்துகொண்டிருந்தார்கள். காற்றில் நாடா படபடவென்று அடித்தது. அவள் ஏதோ சொன்னாள். அவர் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். பிறகு அந்தக் குரல் ஜன்னல் கண்ணாடியைத் தாண்டி மேலே வந்தது.

"மேக்ஸ்! கொஞ்சம் இடது பக்கம், கண்ணு!"

மேக்ஸ். அந்தப் பெயரை வைத்தவன் கிளிஃப். அவளுடைய அம்மாகூட அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை.

சாப்பாட்டில் கேட்டான். "கண்ணுன்னு கூப்புடுறான்?"

"அவங்க ஊர்ல அப்படித்தான். பால்காரரக்கூட அப்படித்தான் கூப்புடுறார்."

"பால்காரர் பச்சக் கலர் ஸ்வெட்டர் போட்டுட்டுப் போய் நிக்கிறாரா?"

மேக்ஸின் தன் ஸ்வெட்டரைக் குனிந்து பார்த்தாள். "வெளிய குளிருது கிளிஃப்," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

கிளிஃப் வேலை பார்த்தது ஓர் ஓட்டுக்கடைக் கிடங்கில். குளியலறை ஓடு, தரை ஓடு எல்லாம் மொத்த வியாபாரம். அங்கே அவனோடு வேலை பார்க்கும் ராய்ஸ்டனிடம் ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிவிட்டான்.

"வாராவாரம் வந்து உக்காந்துக்குறானா?" என்றான் ராய்ஸ்டன். "கேக்கோட?"

"கேக்கோட."

"ஏம்ப்பா, இது பார்க்கிங் கேஸா, இல்ல வேற கேஸா? உன் இடத்துல வந்து நிறுத்திட்டுப் போறவன்கிட்ட பெர்மிட் இருக்கான்னு பாத்தியா?"

கிடங்கே சிரித்தது. கிளிஃபும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தான். மத்தியானம் ரொட்டியை எடுத்துக்கொண்டு தன் வேனில் தனியாகப் போய் உட்கார்ந்தான். இந்தச் சீட்டு விவகாரம் மட்டும் இல்லையென்றால் அந்த ஆள் எதற்கு மாடி ஏறி வரப்போகிறான் என்று நினைத்தான். நினைத்த சூட்டிலேயே கம்பெனிக்குப் போன் போட்டான். இந்தத் தடவை பதிவுக் குரலைத் திட்டவில்லை. அது சொன்ன எண்களையெல்லாம் ஒழுங்காக அழுத்தி, முதல் சீட்டுக்குத் தன் கார்டிலிருந்து பணம் கட்டினான்.

போனை வைத்ததும் நெஞ்சு லேசானது. வேனை ஓட்டிக்கொண்டு வீடு வருவதற்குள் அந்த லேசு போய்விட்டது. மற்ற இரண்டு சீட்டையும் அடுத்த மாசச் சம்பளத்தில் கட்டிவிடலாம் என்றிருந்தான். சில வாரம் கழித்து ஒரு நாள் வீட்டுக்குள் நுழைந்தால், மேக்ஸின் கல்யாணப் பத்திரிகை வந்தவள் மாதிரி ஓர் உறையை ஆட்டிக்காட்டினாள்.

"கோர்ட்டுக்குப் போறாங்க கிளிஃப்! அந்த ரெண்டு சீட்டுக்கும் வழக்குப் போட்டுட்டாங்க. எம்ரிஸ் சொன்னார், இதுதான் நமக்கு நல்லதாம். நீதிபதி முன்னாடி பத்திரத்த வெச்சா முடிஞ்சுதாம்."

"முதல் சீட்டு?" என்றான் கிளிஃப்.

"அத விட்டுட்டாங்கபோல. பயந்துட்டாங்க!"

சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். அவன் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, தொலைக்காட்சியில் ஃபுட்பால் போட்டான்.

விசாரணைக்குக் கொஞ்ச நாள் முன்னால், கம்பெனி தன் தரப்பு வாக்குமூலத்தை அனுப்பியது. முதல் அபராதத்தை இவர்கள் மறுப்பில்லாமல் கட்டிவிட்டார்கள், ஆகவே பெர்மிட் முறையை ஒப்புக்கொண்டவர்கள்தான் என்று அதில் இருந்தது. மேக்ஸின் அதைப் படித்துவிட்டு மேசையைத் தட்டினாள்.

"அப்பட்டமான பொய்! நாம எங்க கட்டினோம்?"

எம்ரிஸ் கிளிஃபின் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "நல்லதாப் போச்சு மேக்ஸ். பொய் சொல்றாங்கன்னு அங்கயே கேட்டு மடக்கிடலாம். ஒரு பொய்ல மாட்டினா, சொல்ற வேற எதையும் யாரும் நம்ப மாட்டாங்க."

"கிளிஃப், நீ ஏதும் கட்டலையே?" பேப்பரிலிருந்து தலையைக்கூடத் தூக்காமல்தான் கேட்டாள்.

"நானா? நான் எதுக்குக் கட்டணும்?"

அந்த ஆள் மட்டும் அங்கே உட்கார்ந்திருக்காவிட்டால் ஒப்புக்கொண்டிருப்பான் என்று பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அது உண்மையா என்பது அவனுக்கே தெரியவில்லை.

விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம் அவள் அலமாரிக் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகினாள். "கிளிஃப், நீதான் நீதிபதி. இங்க உக்காரு. முகத்த உர்ருன்னு வெச்சுக்க."

அவன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். முகம் தானாகவே அப்படித்தான் இருந்தது.

"நீதிபதி அவர்களே, நாங்க ஒரு பென்னிகூடக் கட்டல. கட்டினோம்னு இவங்க சொல்றது பொய்." திரும்பி அவனைப் பார்த்தாள். கண் பளபளத்தது. "எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு," என்றான். பிறகு, "அந்த பென்னி விஷயம் வேண்டாமே மேக்ஸ். பத்திரத்த மட்டும் சொல்லு, போதும்," என்றான்.

"எம்ரிஸ் அதத்தான் முக்கியம்னு சொன்னார்."

எம்ரிஸ் பேர் வந்ததும் கிளிஃப் சொல்ல வந்ததை விட்டுவிட்டான். அவன் எழுந்துபோய் ஷூவுக்குப் பாலிஷ் போட்டான்.

மான்செஸ்டர் கோர்ட்டில் அது ஒரு சின்ன அறை. நீண்ட மேசை, தண்ணீர் ஜாடி, விக்கு எதுவும் வைக்காத பெண் நீதிபதி. கம்பெனிக்காக இளவயது வக்கீல் ஒருவன் வந்திருந்தான். மேக்ஸினுக்குப் பக்கத்தில், அவளுக்குத் துணையாகப் பேச அனுமதி வாங்கிக்கொண்டு, எம்ரிஸ். பின்னால் சுவரோர நாற்காலியில் கிளிஃப். முன்னால் இருந்த இரண்டு முதுகுகளையும் அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். ஜோடிப் பொருத்தம் நன்றாகத்தான் இருந்தது.

மேக்ஸின் தடுமாறாமல் பேசினாள். பத்திரத்தின் வாசகத்தைப் படித்தாள். இடம் தங்களுக்கு எப்போது வந்தது, பலகை எப்போது வந்தது என்று சொன்னாள். நீதிபதி தலையை ஆட்டிக் குறித்துக்கொண்டார். பிறகு அவள் நிமிர்ந்து, பழகி வைத்திருந்ததைச் சொன்னாள். ஒரு பென்னிகூடக் கட்டவில்லை. அது பொய்.

வக்கீல் ஒரு தாளை நகர்த்தினான். "பணம் வந்த கார்டுல இருக்குற பேரு, சி. ஆர்மராட்."

மேக்ஸின் தாளைப் பார்த்தாள். நீதிபதி கேட்டார். "சி. ஆர்மராட் யாருங்க?"

அவள் மெதுவாகத் திரும்பினாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அவனைப் பலவிதமாகப் பார்த்திருக்கிறாள். யாரோ ஒருத்தனைப் பார்ப்பதுபோல் பார்த்தது அன்றைக்குத்தான்.

கிளிஃப் எழுந்தான். "நான்தாங்க. அவளுக்குத் தெரியாது. அவ பொய் சொல்லல."

"ஏன் கட்டினீங்க? கட்டவேண்டிய பணம்னு நெனச்சா?"

ஜப்திக்கு வருவார்கள் என்று பயந்து கட்டினேன் என்று சொல்லலாம். கௌரவமான பொய். யாரும் மேலே கேட்க மாட்டார்கள். ஆனால் அப்படிச் சொன்னால் கடன் உண்டு என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும், மேக்ஸின் தோற்றுப்போவாள் என்பது அவனுக்கு அந்தக் கணத்தில் விளங்கியது. சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"இல்லைங்க மேடம். பார்க்கிங்குக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. இந்தச் சீட்ட வெச்சுக்கிட்டு அந்த மனுஷன் வாராவாரம் எங்க வீட்டுக்கு வந்து எம் பொண்டாட்டியோட உக்காந்து சிரிச்சுட்டிருந்தார். எனக்குப் பொறுக்கல. சீட்டு இல்லன்னா வரமாட்டார்னு கட்டினேன். அன்னைக்கு அவங்க எதுக்கு எவ்ளோ கேட்டிருந்தாலும் கட்டியிருப்பேன்."

எம்ரிஸின் பின்கழுத்து சிவந்து, காது வரைக்கும் ஏறியது. இளைய வக்கீல் தன் தாள்களை அடுக்கினான். அடுக்கி முடித்ததையே திரும்ப அடுக்கினான்.

"பொறாமையில கட்டினீங்க," என்றார் நீதிபதி.

"ஆமாங்க."

"உக்காருங்க ஆர்மராட்."

தீர்ப்பு சீக்கிரமே வந்தது. இடத்தின் மேல் உள்ள உரிமை பத்திரத்திலிருந்து வருகிறது. பலகை அதை மாற்ற முடியாது. கணவர் கட்டிய பணம், அவரே சொன்ன காரணத்தால், கம்பெனியின் நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி ஆகாது. வழக்குத் தள்ளுபடி.

வெளியே வராந்தாவில் ஜெயித்தவர்கள் மூவரும் தோற்றவர்கள் மாதிரி நின்றார்கள். எம்ரிஸ் தொப்பியைக் கையில் உருட்டினார். "நான் பஸ்ல போயிடுறேன்," என்றார். கிளிஃபைப் பார்த்து, "நான் அப்படி எதுவும்..." என்று ஆரம்பித்து, முடிக்காமலே படியிறங்கினார்.

மேக்ஸினும் கிளிஃபும் காரில் திரும்பினார்கள். ஸ்டாக்போர்ட் ரயில் பாலத்தின் வளைவுகள் கண்ணில் படும்போதுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"என்னைப் பொய்க்காரி மாதிரி நிக்க வெச்சுட்ட. நேத்து என் எதிர்ல உக்காந்துட்டு நல்லா இருக்குன்னு சொன்ன பாரு, அத மறக்க மாட்டேன்."

"தப்புதான்."

"தப்புதான்னு ஒரு வார்த்தையில முடிச்சுடாத."

அவன் வண்டியை ஓரம் கட்டினான். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டான். "உங்களுக்குள்ள ஏதாவது இருக்கா மேக்ஸ்?"

அவள் உடனே இல்லை என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தான். அவள் யோசித்தாள். அந்த யோசனை அவனை ஊசிபோல் குத்தியது.

"நீ நெனைக்கிறது இல்ல. ஆனா பிடிச்சிருந்துச்சு. நான் ஒண்ணு சொன்னா அவர் திருப்பி ஒண்ணு கேப்பார். அது பிடிச்சிருந்துச்சு. என்ன படிக்கிறேன்னு நீ ஒரு நாள் கேட்டியா? டீ வேணுமான்னு மட்டும்தான் கேட்ட."

"நான் கேட்டா, அவனுக்குத் தெரிஞ்ச அளவு எனக்குத் தெரியுமா?"

"தெரியாதவன்தானப்பா கேப்பான்?"

பின்னாலிருந்து யாரோ ஹார்ன் அடித்தார்கள். வண்டியை எடுத்தான்.

சில வாரம் வீட்டில் பேச்சு, உப்பு எங்கே, சாவி எங்கே என்ற அளவில்தான் இருந்தது. எம்ரிஸ் மாடி ஏறவில்லை. ஆனால் மேக்ஸின் ஜெயித்த செய்தி கட்டடம் முழுக்கப் பரவி, ஆளாளுக்கு மஞ்சள் உறையைத் தூக்கிக்கொண்டு கதவைத் தட்டினார்கள். அவள் ஒவ்வொருவரையும் சமையலறையில் உட்கார வைத்துப் பத்திரத்தைப் படித்துக்காட்டினாள். கிளிஃப் ஒரு நாள் தானாகவே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் போகச் சொல்லவில்லை.

மூன்றாவது மாடியில் பெர்னடெட் குயில்டர் என்று ஓர் அம்மாள் இருந்தாள். விவாகரத்து ஆனவள், சிவப்பு முடி. அவள் மட்டும் மேக்ஸினிடம் வரவில்லை. நேரே எம்ரிஸிடம் போனாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மேலே அவள் வீட்டிலிருந்து மாடிப்படி வழியாக எம்ரிஸின் அடித்தொண்டைச் சிரிப்பு இறங்கி வந்தது. கூடவே ஒரு பெண்ணின் சிரிப்பும்.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மேக்ஸின் குழாயை மூடிவிட்டுக் காது கொடுத்தாள். பிறகு வாணலியைத் தேவைக்கு அதிகமாகவே அழுத்தித் தேய்த்தாள்.

"அந்தம்மாவுக்குப் பத்திரம்னா என்னன்னே தெரியாது," என்றாள். "கார்கூட அவளோடது இல்ல, அவ தம்பியோடது."

கிளிஃப் துடைக்கும் துணியோடு பக்கத்தில்தான் நின்றான். வாணலியின் மேல் விழுந்த அந்த அழுத்தம் எதிலிருந்து வருகிறது என்று அவனைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த ஊரில் இருக்க முடியாது. தெரிந்ததுதான் வலித்தது. ஒரு வார்த்தை குத்தலாகச் சொல்ல நாக்கு நுனி வரை வந்தது.

"கார் தம்பியோடதா இருந்தா கேஸ் நிக்குமா?" என்று கேட்டான்.

மேக்ஸின் திரும்பி அவனைப் பார்த்தாள். உண்மையாகவே கேட்கிறானா, நக்கலா என்று கொஞ்ச நேரம் அளந்தாள். பிறகு வாணலியை அவன் கையில் கொடுத்துவிட்டு ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அது அவளுக்கு எழுதிக்குடுத்த பத்திரத்துல என்ன இருக்குங்கறதப் பொறுத்தது," என்றாள். "உக்காரு, சொல்றேன்."